கைமாறும் வரை

தொலைபேசியை ரொட்டிப் பெட்டியின்மேல் சாய்த்து வைத்து, ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு, டாரியா பீட்ரூட்டுக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கிப் பதிவு அலுவலகத்தின் லைனில், காத்திருப்பவர்களுக்கென்று ஒரு பியானோ சங்கீதம் ஓடியது. முடிய வேண்டிய இடத்தில் முடியாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் சங்கீதம். நடுநடுவே ஒரு பெண் குரல் வந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், வழக்கத்தைவிட அதிகம் பேர் அழைக்கிறார்கள் என்று ஆங்கிலத்தில் ஒருமுறையும் பிரெஞ்சில் ஒருமுறையும் சொல்லிவிட்டுப் போனது. அழைக்காமல் என்ன செய்வார்கள்? அக்டோபர் இருபத்தொன்றோடு தனி ஆட்கள் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் நின்றுவிடும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. கதவைச் சாத்தப் போகிறார்கள் என்றால், உள்ளே போக ஆசையில்லாதவனுக்கும் கால் பரபரக்கும். கோடை முழுக்க நாடே வரிசையில் நின்றது.

டாரியாவுக்குத் துப்பாக்கி மேல் ஆசை இல்லை. அறுபத்தாறு வயதில் முழங்காலுக்கு எண்ணெய் தடவவே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். பக்கத்து மாகாணமான சாஸ்காட்செவனில், கனோராவுக்குப் பக்கத்தில், தம்பி மைரோனின் வீட்டு அலமாரியில் இருக்கும் கைத்துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. அது இருக்கிற ஒவ்வொரு நாளும் அவள் மனிடோபாவில் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆகஸ்டில் ஓரெஸ்ட் கூப்பிட்டதிலிருந்து இப்படித்தான். ஓரெஸ்ட் மைரோனின் பக்கத்து நிலத்துக்காரன். பக்கம் என்றால் நடுவில் ஒன்றரை மைல். கோதுமை விலையில் ஆரம்பித்துப் பாதிரியாரின் இடுப்பு வலி வரைக்கும் போய்த்தான் விஷயத்துக்கு வருகிற மனிதன். அன்றைக்கு நேராகவே வந்தான்.

“நேத்து சாயங்காலம் உன் தம்பிய பாக்கப் போனேன் டாரியா. ஷெட்டுல உக்காந்திருந்தான். துப்பாக்கி அலமாரி தெறந்து கெடந்துச்சு. என்னடா பண்றேன்னு கேட்டேன். சும்மாதான்னான். சும்மா உக்காந்திருக்கிறவன் மூஞ்சி எனக்குத் தெரியும். அது அந்த மூஞ்சி இல்ல.”

மைரோனின் மனைவி ஐரின் பிப்ரவரியில் போய்விட்டாள். உறைந்து கிடந்த மண்ணைச் சூடுகாட்டி இளக்கித்தான் குழி வெட்டினார்கள். நாற்பதாம் நாள் பூசைவரைக்கும் வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது. அதற்குப் பிறகு பனி உருகியது, ஊரெல்லாம் விதைத்தார்கள், மைரோன் விதைக்கவில்லை. நிலத்தை ஓரெஸ்டுக்குக் குத்தகைக்கு விட்டான். மாடுகளை விற்றான். பிள்ளைகள் இல்லை. போனில் கேட்டால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்பான். அந்த ஊர் ஆண்கள் நல்லாத்தான் இருக்கு என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லிப் பழகியவர்கள் இல்லை. கை ஒடிந்து தொங்கினாலும் கொஞ்சம் இழுக்குது என்பார்கள்.

ஓரெஸ்ட் மறுநாளே போய், என் கன்றுகளைச் சுற்றி ஓநாய் மாதிரி ஏதோ அலைகிறது, என் ரைஃபிள் சரியில்லை, உன்னிடம் இருக்கிற இரண்டையும் கொடு என்று கேட்டு வாங்கிவந்தான். அவனிடம் நான்கு நல்ல ரைஃபிள்கள் இருப்பது மைரோனுக்குத் தெரியும். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். உரிமம் உள்ள ஒருவன் உரிமம் உள்ள இன்னொருவனுக்கு ரைஃபிளை இரவல் கொடுக்கலாம், அதற்குச் சட்டம் குறுக்கே வராது. கைத்துப்பாக்கி சங்கதி வேறு. அது ஓர் ஆளின் பெயரிலும் ஒரு வீட்டின் முகவரியிலும் பதிவாகி இருப்பது. வீட்டு வாசலைத் தாண்டுவதற்கே அனுமதித்தாள் வேண்டும். ஓரெஸ்டிடம் அதற்கான உரிமம் இல்லை. போலீசுக்குச் சொன்னால் வந்து எடுத்துப் போவார்கள், உண்மைதான். ஆனால் வண்டி மைரோன் வீட்டுப் பாதையில் திரும்பிய செய்தி, வண்டி அவன் வாசலில் நிற்பதற்குள் ஊர்க் காப்பிக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதன் பிறகு அவன் கதவைத் திறக்கவே மாட்டான். அப்புறம் வீட்டுக்குள் என்ன நடந்தாலும் யாருக்குத் தெரியும்?

டாரியாவிடம் அந்த உரிமம் இருந்தது. இளம் வயதில் அக்காவும் தம்பியும் ஒரே கிளப்பில் இலக்குச் சுட்டவர்கள். கல்யாணமாகி மனிடோபா வந்து, கல்யாணம் முறிந்து, பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகும் பழக்கத்தில் அதைப் புதுப்பித்துக்கொண்டே வந்தாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

தடை வருகிறது, அதற்குள் எனக்கு ஒன்று வேண்டும், உன்னுடையதைக் கொடு என்று அவள் கேட்டபோது மைரோன் சிரித்தான்.

“அறுபத்தாறு வயசுல ஒலிம்பிக்ஸ் போகப் போறியா டார்க்கா?”

டார்க்கா என்பது வீட்டுக்குள் மட்டும் வழங்குகிற பெயர்.

“போனா உனக்கென்னடா? மெடல உனக்குக் காட்டமாட்டேன்.”

“கண்ணாடி இல்லாம உனக்கு இலக்கு எந்தப் பக்கம்னே தெரியாதே.”

“எனக்குத் தெரியாட்டி என்ன, குண்டுக்குத் தெரியும். குடுக்கிறியா மாட்டியா?”

போனில் அவன் மூச்சு கேட்டது. பின்னால் குளிர்பெட்டியின் உறுமல் கேட்டது.

“சரி, எடுத்துக்கோ,” என்றான். “ரெண்டு ஜாடி வெள்ளரி ஊறுகா கொண்டா.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்களே, அதை இருவரும் சேர்ந்தே மறைத்தார்கள். அவள் ஏன் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்ததைச் சொல்லிவிட்டால் அவன் பின்வாங்கிவிடுவானோ என்ற பயத்தில்தான் அவள் ஒலிம்பிக்ஸையும் மெடலையும் பிடித்துத் தொங்கினாள்.

பியானோ நின்றது. மனிதக் குரல் வந்தது. டாரியா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். துடைத்தும் போகாத பீட்ரூட் சிவப்பு போனெல்லாம் அப்பியது.

அந்த முனையில் இருந்த பெண் பொறுமைசாலி. உரிம எண், பிறந்த தேதி, முகவரி, கிளப் உறுப்பினர் அட்டை, வீட்டில் எங்கே எப்படிப் பூட்டி வைப்பீர்கள் என்று வரிசையாகக் கேட்டாள். பிறகு, “எதுக்காக வாங்கறீங்க மேடம்?” என்றாள்.

என் தம்பி செத்துப்போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது, அதற்காக என்று சொல்ல வேண்டும்போல் டாரியாவுக்கு நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் அடுத்த அரைமணியில் அவன் வாசலில் வண்டி நிற்கும்.

“இலக்குப் பயிற்சிக்கு,” என்றாள்.

“நல்லது. விற்கிறவரும் எங்களைக் கூப்பிட்டுப் பேசணும். ரெண்டு மாகாணத்து அதிகாரிங்களும் பாப்பாங்க. எல்லாம் சரியா இருந்தா ஒப்புதல் வரும். இப்ப கூட்டம் அதிகம், கொஞ்சம் நாளாகும்.”

“அதுவரைக்கும் அது என் வீட்டுல இருக்கலாமா? நான் போய் எடுத்துட்டு வந்து வச்சுக்கறேன்.”

“முடியாது மேடம். ஒப்புதல் வர்ற வரைக்கும் அது அவர் பேர்ல பதிவான வீட்டுலதான், பூட்டின அலமாரியிலதான் இருக்கணும். அதான் பாதுகாப்பு.”

“பாதுகாப்பு,” என்றாள் டாரியா.

“ஆமா மேடம்,” என்றாள் அந்தப் பெண், கனிவாக.

அதற்குப் பிறகான நாட்களில் டாரியா தினமும் தம்பியைக் கூப்பிட ஒரு காரணம் தேடினாள். பீட்ரூட் சூப்புக்கு அம்மா வினிகர் விடுவாளா எலுமிச்சையா? பழைய காரில் விளக்கு எரிகிறது, எந்த விளக்கு என்று தெரியவில்லை. வாத்துகள் தெற்கே கிளம்பிவிட்டனவா அங்கே? அவன் பதில் சொன்னான். நீ கூப்பிட்டுப் பேசினாயா அவர்களிடம் என்று கேட்டால் நாளைக்கு என்பான். ஒரு வாரம் நாளைக்கு என்றே போனது. கடைசியில் பொறுக்காமல் கத்திவிட்டாள். “உனக்குக் குடுக்க மனசில்லன்னா சொல்லிடுடா, நான் வேற எடத்துல வாங்கிக்கிறேன்!” அவள் வேறெங்கும் வாங்கப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் மறுநாள் காலை கூப்பிட்டுப் பேசியிருந்தான். துப்பாக்கியின் மேல் பொறித்திருக்கும் எண்ணை அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கச் சொன்னார்களாம்.

“எடுத்தியா?”

“எடுக்காம எப்படிப் படிக்கிறது?”

“திரும்ப வச்சுட்டியா?”

“வச்சுட்டேன் டார்க்கா,” என்றான், களைத்த குரலில்.

ஒப்புதல் ஒரு வியாழக்கிழமை காலையில், அவள் மறுபடி பீட்ரூட் உரித்துக்கொண்டிருந்தபோது வந்தது. துப்பாக்கியை மைரோன் வீட்டிலிருந்து தன் வீட்டுக்கு எடுத்துவருவதற்கான அனுமதியும் கூடவே வந்தது. நேர்வழியில், தேவையில்லாமல் எங்கும் தங்காமல் என்று அதில் எழுதியிருந்தது. டாரியா நாற்காலியில் உட்கார்ந்து சற்று அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு மைரோனைக் கூப்பிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊர் மாதாகோயில் கூடத்தில் இலையுதிர்கால விருந்து. வான்கோழியும் பெரோகிக் கொழுக்கட்டையும் முட்டைக்கோஸ் சுருளும் வரிசையாக வைத்து, சுற்றுவட்டார ஜனமெல்லாம் கூடிச் சாப்பிடுவது. அன்றைக்கே வருகிறேன், சேர்ந்து சாப்பிடுவோம், அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றாள். சரி என்றான். மனசு லேசான அந்த நிமிஷத்தில்தான் நாக்கில் சனி உட்கார்ந்தது.

“அழுக்கோட குடுத்துடாதடா. நல்லா துடைச்சு வை.”

“வைக்கிறேன்,” என்றான் அவன். போன் வைக்கப்பட்டது.

இலக்குச் சுடுகிறவர்களிடையே இது கண் இமைப்பது மாதிரியான பழக்கம். இரவல் வாங்கிய துப்பாக்கியானாலும் விற்கிற துப்பாக்கியானாலும் துடைக்காமல் கைமாற்றமாட்டார்கள். முதல் பாடமே அதுதான். நாற்பது வருஷத்துக்கு முன் கிளப்பில் படித்ததை வாய் தானாகச் சொல்லிவிட்டது. மீதிப் பீட்ரூட்டை எடுத்துக் கழுவக் குழாயைத் திறந்தபோதுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஆகஸ்டிலிருந்து எந்த அலமாரியை அவன் திறந்துவிடக் கூடாது என்று சாமியைக் கும்பிட்டாளோ, அதைத் திறந்து, கையில் எடுத்து, ஆளில்லாத வீட்டில் மேஜைமேல் வைத்து, நிதானமாகத் தடவிக்கொண்டு உட்காரச் சொல்லியிருக்கிறாள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. ஓரெஸ்டைக் கூப்பிட்டாள். அவனும் எடுக்கவில்லை. அவன் கோயில் கூடத்தில் பெண்களோடு நின்று ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரோகி பிடித்துக்கொண்டிருந்ததும், போன் அவன் மேல்கோட்டில் ஆணியில் தொங்கியதும் அவளுக்குப் பிறகுதான் தெரியும். அடுப்பை அணைத்தோமா என்று ஒருமுறை பார்த்தாள். அனுமதித்தாளை அச்செடுத்துப் பையில் திணித்தாள். ஊறுகாய் ஜாடிகள் வாசலிலேயே நின்றுவிட்டன.

அவள் ஊரான டாஃபினிலிருந்து மேற்கே போகிற அந்தச் சாலையில் அவள் வாழ்நாளில் எத்தனையோ முறை போயிருக்கிறாள். அறுவடை முடிந்த வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. ரோப்ளின் வரைக்கும் ஒவ்வொரு கிராமத்துக் குறுக்குச் சாலையிலும் ஒருமுறை போனை அமுக்கிப் பார்த்தாள். மணி அடிக்கும், நிற்கும். பேருந்து ஓட்டிய காலமெல்லாம் வேகத்தைத் தாண்டாதவள் அன்று தாண்டினாள். நான் ஒரு முட்டாள், நான் ஒரு முட்டாள் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினாள். ஐரின் இருந்திருந்தால், உனக்கு வாய்க்கு ஒரு ஜிப் தைக்கணும் டாரியா என்று சிரித்திருப்பாள். ஐரின் இருந்திருந்தால் இந்தப் பயணமே இல்லை.

மைரோனின் வீட்டுப் பாதையில் கார் திரும்பியபோது அவன் லாரி நின்ற இடத்திலேயே நின்றது. புகைபோக்கியில் புகை இல்லை. கதவு தாழிடாமல் இருந்தது. அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் என்ற பயம்.

சமையலறை மேஜையில் அவன் உட்கார்ந்திருந்தான்.

விரித்த செய்தித்தாளின்மேல் துப்பாக்கி பிரித்துப் போடப்பட்டிருந்தது. பக்கத்தில் எண்ணெய்ப் புட்டி, துணித் துண்டுகள், சின்னத் தூரிகை. அறை முழுக்க அந்த எண்ணெய் வாசனை. மைரோன் தலையைத் தூக்கிப் பார்த்தான். சவரம் செய்திருந்தான். ஆளில்லாத வீட்டில் யாருக்காக என்று அவளுக்குத் தோன்றியது.

“ஞாயித்துக்கிழமைன்ன,” என்றான்.

“ரோடு நல்லா இருந்துச்சு. வந்துட்டேன்.”

“ரோடு நல்லா இருந்துச்சுன்னு ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டுவியா?”

“போன ஏன்டா எடுக்கல?”

“கையெல்லாம் எண்ணெய்,” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

அவள் கோட்டைக் கழற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். அவன் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பாகமாக எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பொருத்தினான். பெரிய விரல்கள், விவசாயி விரல்கள், ஆனால் இந்த வேலையில் அவை எப்போதுமே பதவிசாக இருக்கும். துடைத்ததையே திரும்பத் துடைக்கிறான் என்பதை அவள் கவனித்தாள். உலோகம் ஏற்கெனவே மின்னியது. இன்றைக்குக் காலையில் துடைக்கத் தொடங்கிய துப்பாக்கி இல்லை அது, பல நாளாக அவன் கையில் இருந்தது.

கடைசியில் பொருத்தி முடித்து, குண்டு போடும் அறையைத் திறந்து வைத்து, குழல் சுவரைப் பார்க்கும்படி அவளிடம் நீட்டினான்.

“காலி,” என்றான்.

வாங்கிக்கொண்டு அவளும் உள்ளே பார்த்தாள். கொடுப்பவன் சொன்னான் என்று வாங்குபவள் நம்பிவிடக் கூடாது, தன் கண்ணால் பார்த்துத் தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவும் முறை.

“பாத்தேன். காலி.”

விசைக்குப் பூட்டு மாட்டினார்கள். பெட்டிக்குள் வைத்து அதற்கும் ஒரு பூட்டு. சாவியை அவன் வளையத்திலிருந்து கழற்றினான். இன்னொரு சாவி சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் இருந்தது, அதையும் எடுத்து வந்தான். துப்பாக்கி ரவைகள் இருந்த அட்டைப் பெட்டிகளைத் தனியே ஒரு பையில் போட்டான். எல்லாம் முடிந்தது என்று அவள் எழப் போனாள். அவன் சட்டைப்பைப் பொத்தானைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு ரவையை எடுத்து மேஜைமேல் நிறுத்தி வைத்தான்.

“இதுவும் உன்னோடதுதான்.”

சுண்டுவிரல் நகத்தளவு பித்தளை. டாரியா அதைப் பார்த்தாள். அவனைப் பார்க்க முடியவில்லை. கேள் கேள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. எத்தனை நாளாக அது அவன் பையில் இருக்கிறது? இவ்வளவு தூரம் வந்தவளுக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவளும் அந்த ஊர்க்காரிதானே. ரவையை எடுத்துப் பையில் மற்றவற்றோடு போட்டாள். “காப்பி இருக்கா?” என்று கேட்டாள்.

காப்பி குடித்தார்கள். வாத்துகளைப் பற்றிப் பேசினார்கள். ஓரெஸ்டின் புதுக் கதிரறுப்பு இயந்திரத்தைப் பற்றிப் பேசினார்கள். ஜன்னலில் வெயில் தாழ்ந்தது.

“என்கூட வந்து நாலு நாள் இரேன்டா.”

“உருளைக்கிழங்கு உரிக்க நாளைக்கு வரேன்னு கோயில்ல பேரு குடுத்திருக்கேன். இருநூறு பேருக்கு.”

“நீ ஒருத்தன் உரிக்காட்டி விருந்து நின்னுடுமா?”

“நிக்காது,” என்றான். “ஆனா ஓரெஸ்ட் உரிக்கணும். அவன் உரிச்சா தோலோட பாதி கெழங்கு போயிடும்.”

இரவு அவனோடு தங்கலாம். ஆனால் தங்கினால் அந்தப் பெட்டியும் தங்கும். காரில் பூட்டி வைத்தாலும் இந்த முற்றத்தில்தான் இருக்கும். தாளில் நேராக வீட்டுக்கு என்று போட்டிருக்கிறது என்பதை விட, இன்னொரு இரவு அவனும் அந்தப் பெட்டியும் ஒரே வாசலில் இருக்கக் கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. அதை எடுத்துப் போக வேண்டுமென்றால் அவனைத் தனியாக விட்டுவிட்டுப் போக வேண்டும். இத்தனை நாள் பாடுபட்டு வாங்கிய அனுமதி கடைசியில் அவளை இந்த இடத்தில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தது. அவள் தம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவர்கள் வீட்டில் அது சாவுக்கு மட்டும் செய்வது. அவன் மரம் மாதிரி நின்றான். பிறகு அவள் முதுகில் இரண்டு முறை தட்டினான், எண்ணெய்க் கையோடு.

காம்சாக் ஊரைத் தாண்டியபோது இருட்டத் தொடங்கிவிட்டது. பின்னால் ஒரு வண்டியின் விளக்குகள் வந்துகொண்டிருந்தன. முந்தவில்லை, விலகவில்லை. அவள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. இடது விளக்கு சற்று மங்கல். மைரோனின் லாரிக்கு இடது விளக்கு மங்கல். மாகாண எல்லைப் பலகை தெரிந்ததும் அவள் ஓரங்கட்டி நிறுத்தினாள். லாரியும் பத்தடி பின்னால் நின்றது. காரைப் பூட்டினோமா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அவள் நடந்து போய், லாரிக் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவன் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்திருந்தான். லாரியின் விளக்கு அவள் காரின் பின்புறத்தில், பெட்டியிருந்த டிக்கியின்மேல் விழுந்து கிடந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

“என்னடா?”

“நீ போனப்புறம் அலமாரிய மூடப் போனேன். அதுல வைக்க இனிமே ஒண்ணுமில்ல. மூடறதா தெறந்து விடறதான்னு தெரியல. அங்கயே நின்னேன். அப்புறம் வண்டிய எடுத்துட்டேன்.”

வயல்களுக்கு மேலே இருட்டில் வாத்துகள் கத்திக்கொண்டு போயின.

இனி ஊறுகாயும் ஒலிம்பிக்ஸும் உதவாது என்று டாரியாவுக்குத் தெரிந்தது.

“மைரோன், நீ சாகணும்னு நெனச்சியா?”

கேட்டுவிட்டாள். வானம் இடிந்து விழவில்லை. லாரி இன்ஜின் அதே மாதிரி ஓடியது.

“ஆமா,” என்றான் அவன். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். “யாரும் கேக்கல. ஓரெஸ்ட் வந்து ரைஃபிள வாங்கிட்டுப் போனான். நீ கைத்துப்பாக்கி கேட்ட. பாதிரியார் வந்து வானிலை பேசினாரு. எல்லாரும் எதையாவது எடுத்துட்டுத்தான் போனீங்க. ஒருத்தர் கேக்கல.”

“கேட்டா நீ கதவ மூடிடுவேன்னு பயந்தேன்டா.”

“மூடியிருப்பேன்.” மூக்கை மணிக்கட்டில் துடைத்தான். “ரெண்டு நாள் மூடியிருப்பேன். அப்புறம் தெறந்திருப்பேன்.”

டாரியா அழுதாள். இந்த முறை மறைத்துக்கொள்ளவில்லை. அவன் கை ஸ்டியரிங்கை விட்டு வந்து அவள் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டது.

“பகல்ல ஒண்ணும் இல்ல டார்க்கா. பகல்ல ஏதாவது வேலை இருக்கு. ராத்திரிதான். அவ படுக்குற பக்கம் சில்லுனு இருக்கு. விடியவே மாட்டேங்குது.”

“நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம். நான் கூட வரேன். இங்க வேணும்னாலும் சரி, அங்க வேணும்னாலும் சரி.”

அவன் எல்லைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்தப் பலகைக்கு அந்தப் பக்கம் உங்க மணி ஒரு மணி நேரம் முன்னால, இல்ல?”

“ஆமா.”

“அப்ப அங்க வந்தா ராத்திரியில ஒரு மணி நேரம் குறையும்.”

அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டாள். அதில் இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. ஒரு தானிய லாரி அவர்களைக் கடந்து போனது, வண்டி மொத்தமும் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

“நான் முன்னால போறேன்,” என்றாள். “மெதுவாத்தான் போவேன். பின்னாலயே வா. வழியில எங்கயும் நிக்கக் கூடாது.”

“சாப்பாடு?”

“பாதி உரிச்ச பீட்ரூட் இருக்கு.”

அவன் மூக்கால் சிரித்தான். அது சிரிப்புதானா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

இறங்கி நடந்தாள். லாரியின் வெளிச்சத்தில் அவள் நிழல் நீண்டு, காரின்மேல் ஏறி, எல்லைப் பலகை வரைக்கும் போனது. காரில் உட்கார்ந்து, இன்ஜினைக் கிளப்பி, கியரைப் போட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை. அவள் பிரேக் விளக்கின் சிவப்பு பின்னால் அவன் கண்ணாடியில் விழுந்து அவன் முகத்தை மறைத்தது. ஒரு விளக்கு பிரகாசமாகவும் ஒரு விளக்கு மங்கலாகவும் அங்கேயே நின்றன. அவை அசையட்டும் என்று அவள் காத்திருந்தாள்.